பல்லேடியம் மாத்திரையும் செம்பனையடிக் கீழாநெல்லியும்: சுங்கை சிப்புட் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் மாமியாருக்கு எழுபது வயது நெருங்குகிறது. இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன், இரண்டும் அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்தவை. பினாங்கில் வேதியியல் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது, “பாட்டி, இந்த மாதிரி மாத்திரையெல்லாம் பல்லேடியம்ங்கிற உலோகத்த வச்சுத்தான் செய்யறாங்க” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டி அன்றோடு இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது காலையில் நித்தியகல்யாணிப் பூவும் இலையும் அவித்த தண்ணீர், மாலையில் தோட்டத்துச் செம்பனை மரத்தடியில் பிடுங்கிய கீழாநெல்லிச் சாறு. “உலோகம் போட்ட மாத்திரை கெடுதலா, பச்சிலை போதாதா, யார் சொல்வது சரி?” என்று கேட்கிறார். இதில் வேடிக்கை, பேத்தியின் இறுதியாண்டு புராஜெக்டே கீழாநெல்லிச் சாற்றில் பல்லேடியம் நுண்துகள் செய்வதுதானாம்.

தங்கச்சி, முதலில் அவசரமான விஷயம். மாத்திரையை நிறுத்தியது தவறு. எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பேசலாம். பேச நிறைய இருக்கிறது.

மெட்ஃபார்மினிலிருந்து தொடங்குகிறேன். மாமியார் எந்தக் காரணத்துக்காக அதை ஒதுக்கினாரோ அந்தக் காரணம் அதற்குப் பொருந்தவே பொருந்தாது. டைசயன்டையமைடு என்ற பொருளையும் ஓர் அமீன் உப்பையும் சேர்த்துச் சூடாக்கினால் மெட்ஃபார்மின் வந்துவிடும். பல்லேடியத்துக்கு அங்கே வேலையே இல்லை. அது மட்டுமல்ல, அதன் பூர்வீகமே ஒரு மூலிகை. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு, பழைய வைத்தியத்தில் புழங்கியது. அதிலுள்ள கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள். அதே குடும்பத்தில் நஞ்சு குறைந்த மூலக்கூறு ஒன்றை 1922இல் ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். அதை மனிதருக்குக் கொடுத்து 1957இல் முடிவை வெளியிட்டவர் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர். பச்சிலையிலிருந்து நஞ்சைக் கழித்து எடுத்த மருந்தைத்தான் உங்கள் மாமியார் பச்சிலைக்காக நிறுத்தியிருக்கிறார்.

லோசார்டன் விஷயத்தில் பேத்தி சொன்னது சரி. அந்த மூலக்கூறின் நடுவே இரண்டு பென்சீன் வளையங்கள் நேராக ஒட்டியிருக்கும். கரிம அணுவோடு கரிம அணுவை, அதுவும் வளையத்தோடு வளையத்தை ஒட்டுவது லேசான காரியம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பு செம்புத் தூளைப் போட்டு 200 டிகிரிக்கு மேல் காய்ச்சினார்கள். பாதி கருகிப் போகும், விளைச்சல் சொற்பம். 1979இல் ஜப்பானில் அகிரா சுஸுகியும் நோரியோ மியாவுராவும் கண்ட வழி வேறு. ஒரு வளையத்தில் புரோமின், மற்றதில் போரான். பல்லேடியம் அணு முதலில் கரிமத்துக்கும் புரோமினுக்கும் நடுவே புகுந்து உட்காரும். பிறகு போரான் பிடித்திருந்த வளையத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். இரண்டு வளையமும் ஒரே அணுவின்மேல் பக்கத்துப் பக்கத்தில் வந்ததும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கழன்று போகும். பல்லேடியம் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த ஜோடிக்குப் போகும். ஓர் அணு இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளை ஒட்டும், தான் எதிலும் சேராமல். இதற்காகத்தான் சுஸுகி, ஹெக், நெகிஷி மூவருக்கும் 2010இல் நோபல் பரிசு. லோசார்டனைப் பெரிய அளவில் தயாரிக்க 1990களில் கைகொடுத்ததும் இந்த வினைதான்.

சரி, மாத்திரையில் பல்லேடியம் மிஞ்சுமா? மிஞ்சும், துளி. வினை முடிந்ததும் கரியிலும், கந்தக முனை கொண்ட சிலிக்காவிலும் வடிகட்டி, பிறகு படிகமாக்கிக் கழுவுவார்கள். பல்லேடியம் விலை உயர்ந்த உலோகம். நம் நலனுக்காக இல்லாவிட்டாலும் தங்கள் பணத்துக்காகவாவது அதைத் திரும்ப எடுப்பார்கள். கடைசியில் மிஞ்சியதை அளக்க வேண்டும் என்று விதி. ஐ.சி.எச். என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டி, வாய்வழி மருந்தில் பல்லேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம் வரை என்கிறது. மருந்துப் பொருளில் பத்து பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு, மிஞ்சியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 50 மில்லிகிராம் லோசார்டனில் அது அரை மைக்ரோகிராம். வரம்பில் இருநூறில் ஒரு பங்கு.

இதைச் சொல்வதால் மாத்திரைக் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இந்தச் சார்டன் குடும்ப மருந்துகளில் உண்மையாகவே ஒரு கோளாறு நடந்தது. 2018இல் வால்சார்டனில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் அபாயமுள்ள பொருள் இருப்பது தெரிந்து, மலேசியா உட்படப் பல நாடுகளில் குறிப்பிட்ட தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றார்கள். அது உலோகத்தால் வந்த வினை அல்ல. மூலக்கூறில் டெட்ரசோல் என்ற நைட்ரஜன் வளையம் கட்டும் படியில் கரைப்பானையும் முறையையும் மாற்றியபோது, அதற்குப் போட்டு மிஞ்சிய அசைடு என்ற பொருளை அழிக்கப் போட்ட சோடியம் நைட்ரைட்டு, கரைப்பானிலிருந்து உடைந்து வந்த அமீனோடு சேர்ந்து உண்டான பொருள் அது. எல்லோரும் உலோகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து வேறு வாசலால் வந்தது. ஆனால் ஒன்று: அதை ஒருவர் அளந்தார், அதனால் பிடிபட்டது, பெட்டிகள் திரும்பிப் போயின. மரத்தடியில் பிடுங்கிய செடியைத் திரும்பப் பெற யார் இருக்கிறார்கள்?

இப்போது செடிக்கு வருவோம். ‘செடியில் உலோகம் இல்லை’ என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். இலை பச்சையாக இருப்பதே பச்சையத்தின் நடுவே மக்னீசியம் இருப்பதால்தான். தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடும் இடத்தில் நான்கு மாங்கனீசு அணுக்கள். செம்பனைக் கன்று நட்டதும் மண்ணை மூட ஒரு கொடி படரவிடுவார்களே, மியூக்குனா பிராக்டியேட்டா, அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா இரும்பையும் மாலிப்டினத்தையும் வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகிறது. அதே காரியத்தைத் தொழிற்சாலையில் இரும்பு வினையூக்கி கொண்டு செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் 150 மடங்குக்கும் மேலான காற்றழுத்தமும் வேண்டும். நம் தோட்டத்தில் அது மழையில் நனைந்தபடி நடக்கிறது.

அந்தக் கொடியின் நெருங்கிய சொந்தம்தான் பூனைக்காலி. சித்த வைத்தியத்தில் பூனைக்காலி விதைக்குத் தனி மரியாதை உண்டு. அந்த விதையில் எல்-டோப்பா இருக்கிறது, சில விழுக்காடு அளவுக்கு. பார்க்கின்சன் நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் எல்-டோப்பாதான். அதை மான்சாண்டோ கம்பெனியில் வில்லியம் நோல்ஸ் 1970களில் ரோடியம் வினையூக்கியால் செய்தார். இந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு, வேண்டியது ஒன்றுதான். சாதாரண வினையில் இரண்டும் பாதிப் பாதி வரும். நோல்ஸின் ரோடியம் வேண்டிய வடிவத்தையே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் தந்தது. 2001இல் அவருக்கும் நோபல். விதையிலிருந்து வந்தாலும் ரோடியத்திலிருந்து வந்தாலும் எல்-டோப்பா ஒன்றே. உடம்புக்கு அதன் ஊர் பேர் தெரியாது. வித்தியாசம் எங்கே என்றால், மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும், வாந்தியைக் குறைக்கக் கார்பிடோப்பா போன்ற துணை மருந்தும் சேர்ந்திருக்கும். விதைப் பொடியில் இந்த ஸ்பூனில் எவ்வளவு, அடுத்த ஸ்பூனில் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கோடாலித் தைல வகையறாக்களில் மணக்கும் மென்தாலும் இப்படித்தான். புதினா வகையிலிருந்தும் வரும், ஜப்பானில் ரோடியம் வழியாக ஆலையிலும் வரும்.

நித்தியகல்யாணிதான் எனக்குக் கவலை. சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள்; கோயில் வாசலிலும் பழைய லயத்து வீட்டு முற்றத்திலும் தானாக முளைத்து நிற்கும். இனிப்பு நீருக்கு அதை அவித்துக் குடிப்பது நம்மவர் பழக்கம் மட்டுமல்ல, ஜமைக்காவிலும் இருந்தது. 1950களில் அந்த இலை கனடாவுக்குப் போனது. ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளர் அதை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார், சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்தன, கிருமி தொற்றி அவை இறந்தன. சாதாரணமாக ஆராய்ச்சி அங்கேயே முடிந்திருக்கும். வெள்ளை அணு பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அதைக் குறைக்கும் பொருள் இதில் இருக்கிறது என்று அவரும் சார்ல்ஸ் பியரும் தேடியதில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அதன் தம்பி வின்கிறிஸ்டின் இன்றும் பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து.

இந்த மூலக்கூறைச் செடி எப்படிச் செய்கிறது தெரியுமா? கேத்தரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பாதிகளைத் தனித்தனியே செய்துவிட்டு, நடுவே இரும்பு அணு வைத்த ஒரு பெராக்சிடேஸ் நொதியால் ஒட்டுகிறது. கலிபோர்னியாவில் டேல் போகர் என்ற வேதியியலாளரின் குழு இரும்புக் குளோரைடு போட்டு அதே இரண்டு பாதிகளைக் குடுவையில் ஒட்டினார்கள். பேத்தி ஆய்வுக்கூடத்தில் பழகுவதும் உங்கள் முற்றத்துச் செடி வேரூன்றிய நாளிலிருந்து செய்வதும் ஒரே தொழில் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். செடியின் கை மிக மெதுவானது, அவ்வளவுதான். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோ காய்ந்த இலை வேண்டியிருக்கிறது.

அவ்வளவு சொற்பம் என்றால் குடித்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இலையில் இருப்பது இந்த இரண்டு மட்டுமல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள். சில, எலிகளில் சர்க்கரையைக் குறைத்ததாகப் பிற்கால ஆய்வுகள் உண்டு. அது நிஜமாக இருந்தால் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம். நிஜமில்லை என்றால் குடிப்பதே வீண். இன்னொன்று, வின்கிறிஸ்டினின் முக்கியமான கெடுதல் நரம்பைத் தாக்குவது, கால் மரத்துப்போவது. இனிப்பு நீர்க்காரருக்கு ஏற்கெனவே கால் மரக்கும். எதனால் மரத்தது என்று பிறகு எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு தண்ணீரை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள்.

கீழாநெல்லிக்கு என்னிடம் இவ்வளவு கடுமை இல்லை. மஞ்சள்காமாலைக்கு அதை மோரில் அரைத்துக் கொடுப்பது நம் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். மலாய்க்காரர்கள் டுக்குங் அனாக் என்று அதையே பயன்படுத்துகிறார்கள். 1988இல் சென்னை தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, ஒரு சோதனை முடிவை லான்செட் இதழில் வெளியிட்டது. கிருமியை நீண்டகாலமாகச் சுமப்பவர்களில் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அப்படி வரவில்லை. செடியின் வகை, பறித்த பருவம், மண், சாறெடுத்த முறை என்று காரணம் பலவாக இருக்கலாம். சாறெடுக்கும் முறையே மருந்தை மாற்றிவிடும் என்பதற்குச் சீனத்து விஞ்ஞானி டூ யூயூ சாட்சி. மலேரியாவுக்கு அவர் ஆராய்ந்த செடியைக் கொதிக்கவைத்தபோது பலனில்லை. குறைந்த சூட்டில் ஈதரில் எடுத்தபோதுதான் ஆர்டிமிசினின் கிடைத்தது. சோதனை தோற்றதால் கீழாநெல்லி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே அளவாய், ஒரே தரமாய் எடுக்காதவரை அது இன்னும் மருந்தாகவில்லை என்றுதான் சொல்வேன். உங்கள் மாமியாருக்கு இருப்பது காமாலையும் இல்லை.

அந்தச் செடியை எங்கே பிடுங்குகிறார் என்பதுதான் என் கண்ணை உறுத்தியது. செம்பனை மரத்தைச் சுற்றி வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் முறைவைத்துக் களைக்கொல்லி மருந்து அடிப்பார்கள். முன்பு பாராகுவாட். அந்த டின்னைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள்தான். நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்த கதைகளை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஊருக்குக் கேட்கச் செய்தது தெனகனித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். பாராகுவாட் 2020 ஜனவரியில் முழுதாகத் தடைசெய்யப்பட்டது. இப்போது கிளைபோசேட்டும் மற்றவையும். அதற்கும் முந்திய ரப்பர் காலத்தில் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் தெளித்திருக்கிறார்கள். மற்ற மருந்துகள் காலப்போக்கில் மண்ணில் சிதையும். ஆர்சனிக் ஒரு தனிமம், அது சிதைந்து வேறொன்றாகப் போக வழியில்லை. பழைய ரப்பர் நிலத்தில் எழுந்த செம்பனைத் தோட்டத்து மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் உங்களுக்கு அளந்து தரப்போவதில்லை. மாத்திரையில் உலோகம் என்று பயந்தவர் அந்த மண்ணின் செடியைச் சாறு பிழிந்து குடிக்கிறார்.

கடையில் பொட்டலத்தில் வாங்கினால் சரியா என்றால், பதிவு எண் உள்ளதை வாங்கினால் ஓரளவு சரி. நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பதிந்த பாரம்பரிய மருந்தில் மால் (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் டி (T) என்ற எழுத்து வரும் எண் இருக்கும். அதற்கு ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தொங்காட் அலி பொருட்கள் சிலவற்றில் பாதரசம் அதைத் தாண்டியிருந்ததை நம் நாட்டு ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரம்பின் உச்சத்தில் ஈயம் இருக்கும் பொடியை நாளுக்கு 5 கிராம் உண்டால் 50 மைக்ரோகிராம் ஈயம். லோசார்டன் போன்ற மருந்துக்கு ஐ.சி.எச். அனுமதிப்பது நாளுக்கு 5 மைக்ரோகிராம்தான். பச்சிலைக்கு விதி தளர்வு, மாத்திரைக்கு விதி இறுக்கம். வீட்டில் நம் பயமோ நேர்மாறாக இருக்கிறது. பதிவே இல்லாமல் பாசார் மாலாமில் விற்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இயற்கை என்று எழுதி உள்ளே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்தவை அகப்படுவது இங்கே புதிதல்ல, அது இனிப்பு நீரை ஏற்றும். 2008இல் சிங்கப்பூரில் ஆண்மைக்கென்று விற்ற கள்ளப் பொருட்களில் சர்க்கரை மருந்து கலந்திருந்து உயிர்களே போயின.

ஒருவர் கேட்கத்தான் போகிறார்: நம் சித்தர்களே உலோகத்தைப் பற்பமாக, செந்தூரமாகக் கொடுத்தார்களே? ஆம். உலோகத்தைக் கண்டு அஞ்சாத மரபு நம்முடையது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதே சமயம், 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ கவலைக்குரிய அளவில் இருந்தது. முறைப்படி புடம் போட்டதா, அரைகுறையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்கும் கருவி இருக்கிற காலத்தில் அளந்துதான் கொடுக்க வேண்டும். யாராவது செந்தூரம் கொடுத்தால், பாரம்பரிய மருத்துவச் சட்டத்தின்கீழ் பதிந்தவரா என்று கேளுங்கள்.

பேத்தியின் புராஜெக்ட் பற்றிக் கொஞ்சம். கீழாநெல்லிச் சாற்றிலுள்ள பாலிபீனால்கள் பல்லேடிய உப்பிலிருந்து உலோகத்தை ஒடுக்கி நுண்துகளாக நிறுத்தும். வெள்ளி உப்பானால் கரைசல் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடுமையான வேதிப்பொருள் இல்லாமல் வினையூக்கி செய்ய இது நல்ல பயிற்சி. ஆனால் வேப்பிலை, துளசி, மாதுளைத் தோல் என்று செடியை மட்டும் மாற்றி மாற்றி ஒரே கட்டுரையை எழுதிக் குவிக்கிறார்கள், எனக்குச் சலித்துவிட்டது. சாற்றில் எந்த மூலக்கூறு வேலை செய்தது, வினை முடிந்தபின் எவ்வளவு பல்லேடியம் கரைசலில் கசிந்தது, அதே துகள் எத்தனை முறை மறுபடி வேலை செய்யும் என்று அளந்தால்தான் அது ஆராய்ச்சி. கடைசியில் ‘கிருமியைக் கொல்கிறது’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். தட்டில் வளர்த்த பாக்டீரியாவைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வெற்றிடம் தெரிந்தது என்பதே அதன் பொருள். அதைப் பாட்டியிடம் மருந்து என்று சொல்லிவிட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு வாக்கியத்தால் இரண்டு மாத்திரை நின்றிருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும்போது குடித்த இலைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்தாளரிடம் காட்டுங்கள், டாக்டருக்கு நேரமில்லாவிட்டாலும் அவர்கள் கேட்பார்கள். மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கூடவே பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், லோசார்டன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. மாமியாருக்குச் செடி மேல் ஆசை விடாது என்றால் வீட்டில் புது மண் போட்ட தொட்டியில் கீழாநெல்லி வளர்த்து, டாக்டருக்குத் தெரிந்தே எப்போதாவது கொஞ்சம் சாப்பிடட்டும், மாத்திரைக்குப் பதிலாக அல்ல. பக்கத்தில் நித்தியகல்யாணியும் வளரட்டும், சாமிக்குப் பூ வைக்க.